ஒன்றா, இரண்டா

மாப்பிள்ளை உதைத்த உதையில் பரிசோதனைக்கூடத்துக் கதவின் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. கதவு சுவரில் மோதித் திரும்புவதற்குள் அவன் உள்ளே நுழைந்து, மேசை மேல் அடுக்கியிருந்த கண்ணாடிக் குழாய்களைக் கையால் வாரி அடித்தான். யார் யாருடைய ரத்தமோ தரையில் ஓடியது. வாசலில் இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார். போலீசுக்குப் போன் போடுகிறேன் என்று போனவர்தான், ஆளைக் காணோம்.

"ஏய், எங்கடி அவ?" என்றான். பெண்டாட்டியின் அக்காவிடம் மூச்சுக்கு மூச்சு அண்ணி, அண்ணி என்று குழைகிற வாய் அது.

மிஷின் திரைக்கு முன்னால் இருந்த பெரியவள் எழுந்தாள். பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவளுடைய தங்கை குளிர்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் சுருண்டிருந்தாள். மேலுதட்டில் தையல். முன்பல் ஒன்றைக் காணோம். எல்லாம் முந்தின நாள் இவன் செய்த கைங்கரியம். வார்டில் படுக்கவைத்தால் அங்கே வந்து நிற்பான் என்றுதான் பெரியவள் தங்கையைத் தான் வேலை பார்க்கும் இடத்திலேயே கண்ணெதிரே வைத்திருந்தாள். இங்கேயும் வந்துவிட்டான்.

வேறொரு இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையால் வந்த வினை இது. சின்னவளுக்குத் தொடையிடுக்கில் கொப்புளம். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிட்டு, ஹெர்பிஸ், இரண்டாம் வகை என்று சொல்லிவிட்டார்கள். அது உடலுறவில் தொற்றுவது என்று மாப்பிள்ளை போனில் தேடிப் படித்தான். தனக்கு அந்த மாதிரி எதுவும் இல்லை, அப்படியானால் இன்னொருத்தன் இருக்கிறான் என்று முடிவு கட்டினான். கிளினிக்கில் இருந்ததோ மலிவான பழைய டெஸ்ட் கிட். முதல் வகையும் இரண்டாம் வகையும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல அதற்குத் துப்பில்லை. ஒன்றைப் பார்த்து மற்றது என்று சாதித்துவிடும். இதற்காகவா என் தங்கையின் பல்லை உடைத்தான் என்று பெரியவள் தனக்குள் பொருமியபடி, கொப்புளத்திலிருந்தே பஞ்சுக்குச்சியால் நீரை ஒற்றி எடுத்து, வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கி, மிஷினில் சூடேற்றிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் பொறுத்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும் என்றாள். அவன் அவளுடைய கொண்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் திரையில் வைத்து அழுத்தினான்.

"நீ உன் தங்கச்சிக்குத் தோதாத்தான் சொல்லுவ. எனக்கே புரியற மாதிரி காட்டு."

கன்னம் கண்ணாடியில் நசுங்க அவள் சொன்னாள். சிவப்புக் கோடு முதல் வகை, நீலம் இரண்டாம் வகை. இரண்டும் ஏற்கெனவே தெரிந்த மாதிரிகள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தவை. பச்சைதான் சின்னவளுடையது. சூடு ஏற ஏற முதல் வகையின் இழைகள் சீக்கிரம் பிரியும், இரண்டாம் வகை இன்னும் தாக்குப்பிடிக்கும். பச்சை எதனோடு சேர்கிறது என்று அவனே பார்த்துக்கொள்ளலாம்.

"வகையைத்தான் மிஷின் சொல்லும் மாப்பிள்ளை. யாருகிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்லாது."

அவள் தலையை அவன் இன்னும் ஒரு தரம் திரையில் இடித்தான். மூக்கிலிருந்து சூடாக ஏதோ இறங்கியது. ஒன்றாக இருக்கட்டும், கடவுளே, ஒன்றாக இருக்கட்டும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. இரண்டாக இருந்தால் மட்டும் அடிக்கலாமா என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளும் அவன் போட்ட கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

பச்சைக் கோடு சிவப்போடு ஏறியது. சிவப்போடு இறங்கியது.

"ஒண்ணு," என்றாள். "வாய்ப்புண்ணுல இருக்கற வைரஸ். காய்ச்சல் வந்தா உங்க உதட்டோரம் கொப்புளிக்குமே, அதேதான். உங்ககிட்டேர்ந்தே வந்திருக்கும்."

பிடி தளர்ந்தது. அவன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, நம்பவே முடியாதபடி, சிரித்தான்.

"இதை முதல்லயே பார்த்துச் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுல்ல, அண்ணி?"

கவிழ்ந்து கிடந்த குழாய்த் தாங்கியைக் குனிந்து எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தான். நடந்தது நடந்துபோச்சு, தன் மனசில் இனி ஒன்றும் இல்லை, கிளம்பு, வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினான். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது.

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கை சுத்தமானவள் என்று தானே நிரூபித்து, தானே அவனிடம் ஒப்படைத்தாகிவிட்டது. அடுத்த சந்தேகம் வரும்போது எந்த மிஷினைச் சூடேற்றுவது?

"அக்கா," என்றாள் சின்னவள். தையல் போட்ட உதட்டில் சொல் கோணலாக வந்தது. "ரெண்டுன்னே சொல்லிடுக்கா."

அவன் கை அந்தரத்தில் நின்றது. "என்ன சொன்ன?"

"ரெண்டுன்னா இவர் என்னைக் கூப்பிட மாட்டார்ல?"

சிரிப்பு மறைந்தது. நீட்டிய கை அப்படியே மடங்கி மேலே போயிற்று. பெரியவளின் கை மேசையைத் துழாவியது. ரத்தத்தைச் சுழற்றும் மிஷினிலிருந்து, கழுவுவதற்காகக் கழற்றி வைத்த இரும்புச் சக்கரம் அகப்பட்டது. எப்போதும் இரண்டு கையால் தூக்குவது, இப்போது ஒரு கையிலேயே வந்துவிட்டது.

சின்னவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், அக்காவின் தலைக்கு மேலே உயர்ந்துவிட்ட இரும்பைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.