எல்மர் ஹஸ்கின்ஸ் பார்க்காத ஆட்டம்

1

இந்தக் கதை எனக்கு முடிவெட்டும் கடையில் கிடைத்தது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் எல்மர் ஹஸ்கின்ஸ், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் கல்லூரி அணியின் பயிற்சியாளர்.

"அந்த ஆத்துக்கு அக்கரைக்காரங்களோட ஆடுனீங்களே, அதைச் சொல்லுங்க கோச்" என்றார் கடைக்காரர்.

"நீதாம்பா சொல்லணும். எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை."

அயோவாவில் எங்கள் ஊர்ப் பக்கம் அந்த ஆட்டத்தை அறியாதவர் கிடையாது. தலைக்கவசம் இல்லாத காலம். மண்டையில் அடிபட்டு விழுந்த எல்மர் எழுந்து, பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்று பேர் காலைப் பிடித்துத் தொங்கத் தொங்க எல்லைக்கோட்டைக் கடந்தார். அவருக்கு நினைவிருப்பது அன்று காலையில் தின்ற பன்றிக்கறி. அடுத்து, மறுநாள் சாயங்காலம் அவர் அக்கா அவர் முகத்தைத் துடைத்தது. நடுவில் ஒன்றுமில்லை.

2

அன்று வானம் கறுத்திருந்தது. ஏதோ கெட்டது நடக்கப்போவதாக ஊரே

(இல்லை. நல்ல வெயில். வேண்டாம் இந்த ஆரம்பம்.)

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு சோக நாயகன் தேவைப்பட்டான். எல்மருக்கு நொண்டும் காலைக் கூடக் கொடுத்துப் பார்த்தேன்.* மனிதர் மசியவில்லை. பகலில் தீவனக்கடை, மாலையில் மைதானம், இரவில் மனைவி கோராவோடு சீட்டாட்டம். நன்றாகத் தூங்குகிறவரை வைத்து என்ன செய்வது? அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

* உண்மையில் வளைந்திருந்தது மூக்கு மட்டும்தான்.

3

1906, நவம்பர். டென்பி ஊரோடு அந்த ஆண்டின் கடைசி ஆட்டம். நாங்கள் ஐந்து புள்ளி, அவர்கள் சுழியம். எங்கள் ஓட்டக்காரன் வர்ஜில் ஸ்டோல்ட்ஸ் தலைகுப்புற விழுந்தான். எழுந்தான். நேராகத்தான் நின்றான். எல்மர் மைதானத்துக்குள் போனார்.

"யாருடா ஜெயிக்கிறது?"

"நாமதான் கோச்."

"யாரோட ஆடுறோம்?"

வர்ஜில் சிரித்தான். "சும்மாதானே கேக்குறீங்க?"

"சும்மாதான். சொல்லு."

எதிரே நின்றவர்களைப் பார்த்தான். அவர்கள் சட்டையைப் பார்த்தான். அதில் ஊர்ப்பெயர் தேடினான்.

"வெளிய வா."

"கோச், வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டாங்க!"

"தெரியும். வா."

கோட்டோரத்தில் கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவர் ப்ரூயிட் சுருட்டைக் கடித்துத் துப்பினார். "யோவ், ஊரு உன்னைக் கொண்டாடுறதே அடிபட்டும் ஆடுனதுக்குத்தான்யா! அவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

எல்மர் தன் மேலங்கியைக் கழற்றி வர்ஜிலுக்குப் போர்த்தினார்.

"கொண்டாடுங்க, வேண்டாங்கலை. அன்னிக்கி நீங்க எல்லாரும் பாத்தீங்க. நான்தான் பாக்கலை."

4

முதல் வடிவில் எங்கள் ஆட்களை ஜெயிக்க வைத்தேன். கூச்சமாக இருந்தது. இரண்டாவதில் எல்மர் வேலையை இழந்து ரயிலேறி

(எங்கே போவார்? தீவனக்கடையை யார் பார்ப்பது?)

நடந்தது இதுதான்: வர்ஜில் இல்லாத பக்கமாகவே டென்பிக்காரர்கள் புகுந்தார்கள். ஆறுக்கு ஐந்து. தோற்றோம். ஒரு மாதம் தீவனக்கடையில் கூட்டமில்லை. அடுத்த ஆண்டும் எல்மரே பயிற்சியாளர். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது ப்ரூயிட்டின் விளக்கம்.

தோற்ற அன்று, வீடு திரும்பும் வண்டியில் கோரா கேட்டாள்: "தோத்துட்டு வர்ற மூஞ்சியா இது?"

"ஏன், நல்லாயில்லையா?"

"அது என்னிக்கி நல்லாயிருந்துச்சு?"

இருவரும் வீடுவரை சிரித்ததாகச் சொல்கிறார்கள்.

5

முடிவுதான் பாக்கி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வர்ஜில் எல்மர் வீட்டு வாசலில் வந்து நின்றான். தலை தெளிந்திருந்தது, கோபமும்தான்.

"நான் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"இருக்கலாம். வா, கோரா கோழி பொரிச்சிருக்கா."

"நான் சாப்பிட வரலை."

"அப்ப நில்லு. நான் சாப்பிட்டு வந்துடுறேன்."

கதவை மூடாமலேயே எல்மர் உள்ளே போனார். கோரா மூன்றாவது தட்டை வைத்தாள். வர்ஜில் படியில் ஒரு காலை

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவன் உள்ளே போனானா, திரும்பி நடந்தானா, நீங்கள் எழுதுங்கள். எல்மரை மன்னிப்புக் கேட்க மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும், இன்னும் கொஞ்சம் குழம்பு கிடைக்குமா என்றுதான் கேட்டார்.