எம்டனின் மூன்றாவது புகைபோக்கி

பம்மல் மெயின் ரோட்டில் பாட்சாவின் பேக்கரிக்கு இருந்தது ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. வருக்கி, பன், தேங்காய் பிஸ்கட் என்று அவன் வாப்பா காலத்துச் சரக்கெல்லாம் அதில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல்தட்டு மட்டும் தனக்குக் கிடைத்தால் போதும், தன் கையால் செய்த கேக்குகளை வைத்து அழகு பார்க்கலாம் என்று பாட்சாவின் மனைவி கைனாத்துக்கு எத்தனையோ நாளாக ஆசை.

2006 மே மாதம் ஹில்டா வந்தாள். தாம்பரத்தில் தலைமை ஆசிரியராக இருந்த சத்தியநாதன் சாரின் மகள். அப்பா ரிட்டயர் ஆகிறார், ஒரு கேக் வேண்டும் என்றாள். சாதாரண கேக் இல்லை. பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்த படம் ஒன்றை நீட்டினாள். மூன்று புகைபோக்கியோடு ஒரு போர்க்கப்பல்!

"எம்டன் கப்பல் அக்கா. மொதல் உலகப்போர்ல மெட்ராஸ் துறைமுகத்துல குண்டு போட்டு எண்ணெய் டேங்கைக் கொளுத்திட்டுப் போச்சே, அது. ஸ்கூல்ல அப்பாவுக்குப் பேரே எம்டன்தான். அவருக்குத் தெரியக்கூடாது, சர்ப்ரைஸ்."

சாரின் அதட்டலுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? ஆனால் மனுஷருக்கு அந்தப் பேரில் ரகசியப் பெருமை. போர்க்கப்பல் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு.

பாட்சா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாம்பல் கலர்ல கேக்கா? எவன் துன்னுவான்? சரி, செய். வெட்டுற வரைக்கும் சாயாம நின்னு, யாரும் குத்தம் சொல்லலன்னா மேல்தட்டு உனக்கு. கவுந்துச்சுன்னு வெச்சுக்கோ, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன். நீங்க பேச்சு மாறாதீங்க" என்றாள் கைனாத்.

சத்தியநாதன் சார் தினமும் சாயங்காலம் வருக்கிக்கு வருகிறவர். கைனாத் மெதுவாகத் தூண்டில் போட்டாள்.

"சார், கப்பல் மேல அவ்ளோ பெரிய பீரங்கியெல்லாம் வெக்கிறாங்களே, அது கவுந்துடாதா?"

சார் டீயைக் கீழே வைத்துவிட்டார். முப்பது வருஷமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது.

"கவுந்திருக்கும்மா! ஸ்வீடன்ல ஒரு ராஜா ஆசை ஆசையா ஒரு கப்பல் கட்டினார். மேல ரெண்டு அடுக்கு பீரங்கி. அடியில பாரம் பத்தல. மொத தடவை பாய் விரிச்சுக் கிளம்புது, சின்னதா ஒரு காத்து. கரையில சனங்க பாத்துட்டே நிக்க, சாஞ்சு முழுகிடுச்சு."

அடியில் லேசான ஸ்பாஞ்சு, மேலே கனமான சர்க்கரைப் பீரங்கி என்றல்லவா கைனாத் திட்டம் போட்டிருந்தாள்!

"அப்ப என்னா சார் பண்ணணும்?"

"கனம் பூரா அடியில. மேல போகப் போக லேசு. ஆமா, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"சும்மா... பொது அறிவு சார்."

"நல்லது. எங்க வாத்தியாருங்களுக்குக்கூட இந்த ஆர்வம் இல்ல" என்று சார் இன்னொரு வருக்கி வாங்கிக்கொண்டார்.

அடிப்பாகத்துக்கு ரம் சேர்க்காத ப்ளம் கேக், செங்கல் மாதிரி. அதன்மேல் ஸ்பாஞ்சு. பீரங்கிக்கு வேஃபர் குச்சி. புகைபோக்கிக்கு மூன்று கிரீம் ரோல், சாம்பல் ஐசிங் பூசி. நிமிர்ந்து நிற்கிற சாமானை வழியில் நட்டு வைத்தால் ஆபத்து, ஹாலில் போய் நட்டுக்கொள்ளலாம் என்று அவற்றை மட்டும் தனி டப்பாவில் போட்டுக் கடையில் வைத்தாள்.

விழாவன்று ஷேர் ஆட்டோ ஒன்றை முழுசாகப் பேசிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் கைனாத் கண்ணை மூடிக்கொண்டாள். கப்பல் அசையவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் மேசைமேல் இறக்கி வைத்தபோது பாட்சாவே, "மாஷா அல்லாஹ், நிக்குதே!" என்றான்.

கைனாத் டப்பாவைத் திறந்தாள். இரண்டுதான் இருந்தது.

"ஏங்க, மூணாவது எங்க?"

பாட்சா தலையைச் சொறிந்தான். "காலைல பக்கத்துத் தெரு பச்சையம்மா வந்து பேத்திக்கு கிரீம் ரோல் கேட்டுச்சு. ட்ரே காலி. இந்த டப்பாவுல இருந்துச்சு... கை பழக்கத்துல குடுத்துட்டேன்."

"சாம்பல் கலர்ல இருந்துச்சே, பாக்கலியா?"

"சாக்லேட்டான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்."

எம்டனின் புகைபோக்கியைப் பச்சையம்மாவின் பேத்தி இந்நேரம் தின்று முடித்திருப்பாள்! அதற்குள் சார் மாலையோடு வந்து மேசை முன்னால் நின்றுவிட்டார். போதகர் எழுந்து, "ஜெபிப்போம்" என்றார். ஹாலே கண்ணை மூடித் தலை குனிந்தது.

கைனாத் கேக் வந்த அட்டை டப்பாவின் மூடியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சுருட்டினாள். புகைபோக்கிகளை ஒட்டக் கொண்டுவந்திருந்த ஐசிங்கை விரலால் பூசினாள். போதகர், சாரின் பிள்ளைகளுக்காக ஜெபித்தார், பள்ளிக்கூடத்துக்காக ஜெபித்தார், மழைக்காகவும் ஜெபித்தார். 'யா அல்லாஹ், இவர் ஜெபம் இன்னும் கொஞ்சம் நீளட்டும்' என்று கைனாத் தன் பங்குக்கு துவா கேட்டாள். "ஆமென்" என்ற சத்தம் எழுந்தபோது மூன்று புகைபோக்கியும் நின்றன. பாட்சா பெருமூச்சு விட்டான்.

எல்லாரும் கைதட்டினார்கள். சார் கப்பலையே கண்கொட்டாமல் பார்த்தார். கத்தியை எடுத்தார். அது நேராக மூன்றாவது புகைபோக்கிக்கு மேலே வந்து நின்றது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மேல்தட்டு அவளுக்கு. ஆனால் அந்தத் துண்டு யார் வாய்க்குப் போகுமோ? பாட்சா அவள் முழங்கையைக் கிள்ளினான். கைனாத் கையை உதறிக்கொண்டு, "சார், அதை வெட்டாதீங்க. அது அட்டை" என்றாள்.

பாட்சா அவள் காதோரம், "போச்சு போ" என்றான்.

"தெரியும்மா" என்றார் சார். "ஜெபத்துல யார் கண்ணைத் திறக்கிறாங்கன்னு பாக்கறதே இத்தனை வருஷமா என் வேலை. ஒரு கண்ணு எப்பவும் திறந்துதான் இருக்கும்." ஹால் சிரித்தது, போதகர்தான் அதிகமாகச் சிரித்தார். சார் அட்டையைப் பக்குவமாகப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். "நிஜ எம்டனும் இதே திருட்டு வேலைதான் பண்ணிச்சு, தெரியுமா? அதுக்குப் புகைபோக்கி மூணு. வெள்ளைக்காரன் கப்பல் மாதிரி தெரியணும்னு பொய்யா நாலாவது ஒண்ணு கட்டிக்கிட்டுத்தான் பினாங்கு துறைமுகத்துக்குள்ள போச்சு. இப்படி வரலாற்றோட ஒரு கேக்கை நான் பாத்ததே இல்ல!"

அப்புறம் அடிப்பக்கம் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, "அட, கனம் பூரா அடியில!" என்றார். கைனாத்தைப் பார்த்த பார்வையில், அந்தப் பொது அறிவு எதற்கு என்று அவருக்கு விளங்கிவிட்டது தெரிந்தது.

அசரியா என்று அவருடன் வேலை பார்த்த ஒரு வாத்தியார் தட்டோடு வந்தார். "எந்தக் கடைங்க? என் பொண்ணு கல்யாணத்துக்கும் கேக் வேணும்."

பாட்சா மெல்ல, "என் வீட்டுக்காரம்மாதான் சார் செய்யுது. பம்மல்ல வந்து பாருங்க, மேல்தட்டுல இருக்கும்" என்றான்.

கைனாத் திரும்பிப் பார்த்தாள். "குத்தம் வந்துச்சே? நான்தான தோத்தேன்?"

"அது வித்தவன் குத்தம். செஞ்சவ மேல எப்படி வரும்?" பாட்சா காலி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தான். "வா, சீக்கிரம் போவோம். கடையைத் தொறந்ததும் மேல்தட்டு வருக்கி ட்ரேயைக் கீழ எறக்கணும்."

"நான் எறக்குறேன். நீங்க கை வெச்சா, மேல்தட்டுல வெக்கிற கேக்கையும் கை பழக்கத்துல யாருக்காவது குடுத்துடப் போறீங்க" என்றாள் கைனாத்.