சிவப்பு லேபிள்

சிஹாபுதீன் பாய் இரண்டு புட்டிகளை அச்சக மேசைமேல் அருகருகே வைத்தார். ஒரே உயரம், ஒரே பச்சைக் கண்ணாடி. இரண்டிலும் தோகை விரித்த மயில் லேபிள்.

"தேவதாஸ் தம்பி, அங்கயே நின்னு சொல்லு. இதுல குடிக்கிற மருந்து எது?"

அச்செழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்த தேவதாஸ் கண்களைச் சுருக்கிப் பார்த்தான். அந்த இரண்டு லேபிளுக்கும் ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தவன் அவன்தான். முக்கால் இடத்தை மயில் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் கீழே வளைவாகக் கடையின் பெயர். அதற்கும் கீழே, விளிம்பை ஒட்டி எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி. ஒன்றில் 'இருமல் மருந்து'. இன்னொன்றில் 'வலி எண்ணெய், குடிக்கக் கூடாது'. நின்ற இடத்திலிருந்து இரண்டும் எறும்புதான்.

"தெரியல பாய்."

"எனக்கும் தெரியலப்பா. என் கடைச் சரக்கு, எனக்கே தெரியல. சலவைக்குப் போகுமே சாரதாம்பாள், அது இருமலுக்குன்னு எண்ணெய எடுத்துக் குடிச்சிருச்சி. தொண்ட வெந்துபோயி ஆஸ்பத்திரில கெடக்கு."

உள்ளேயிருந்து மருதமுத்து வந்தார். அச்சகத்தின் முதலாளி, தேவதாஸின் மாமனார். புட்டிகளை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருடைய பார்வை மங்கிக்கொண்டு வந்ததை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"அதான் போட்டிருக்கே பாய், குடிக்கக் கூடாதுன்னு. படிக்காம குடிச்சா நாம என்ன செய்றது?"

"லேபிள மாத்திக் குடுங்க. அதுவரைக்கும் எண்ணெய விக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு சிஹாபுதீன் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலிருந்த தன் மருந்துக் கடைக்குக் கிளம்பினார்.

அந்த எண்ணெய் லேபிள் வேலை வந்தபோது தேவதாஸ் முதலில் கோத்தது வேறு மாதிரி. 'குடிக்கக் கூடாது' என்பதுதான் மேலே, பெரிதாக, சுற்றிலும் நிறைய வெற்றிடத்தோடு இருந்தது. மருதமுத்து அதைப் பார்த்து, "இதென்ன சாவு அறிவிப்பு மாதிரி? தாள் சும்மா கெடக்குது பாருங்க" என்று மயில் படம் செதுக்கிய அச்சுக் கட்டையை எடுத்து வைத்தார். வெற்றிடம் அவருக்கு வீண். தேவதாஸ் மறுபேச்சில்லாமல் எழுத்துகளைக் கீழே இறக்கினான். அந்த வீட்டில் அவன் மறுபேச்சுப் பேசியதே இல்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து தாய் தகப்பன் இல்லாமல் கஜா பெராங்கில் இருந்த இந்த அச்சகத்துக்கு வந்தவன். கீழே அச்சகம், மேலே வீடு. வேலைக்காரனாக மேலே சாப்பிடப் போனவன் மருமகனாக அங்கேயே தங்கிவிட்டான். சம்பளம் என்று தனியாக எதுவும் கிடையாது. மாடிப்படி ஏறினால் மாமனார், இறங்கினாலும் மாமனார்.

சாரதாம்பாள் வீடு திரும்பியதும் தேவதாஸ் பார்க்கப் போனான். கையில் புது லேபிளுக்கு வரைந்த படம் இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று, ஒரு முகம், வாயைப் பொத்திய கை. அதை வரைந்தபோது அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

வாசலில் பலகைமேல் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"பல்வலி மருந்தா தம்பி?"

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்லக்கா. இதக் குடிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு."

"அப்படியா? எனக்குப் பல்வலிக்காரி மாதிரி தெரியிது." எச்சில் விழுங்கினாள். கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது. "அன்னிக்கு ரெண்டு புட்டியும் ஒண்ணா இருந்துச்சி. நான் எங்கப்பா படிக்கிறேன்? பாக்குறதுதான்."

அந்த லேபிளை அச்சடித்தவன் தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "சாப்பிட்டியா?" என்றாள். அவன் படத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, அடுத்த சந்து திரும்பும்வரை வேகமாக நடந்தான்.

பிறகு பல நாள் அதுவே நினைப்பு. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது எழுத்துதான். எட்ட நின்றே இது வேறு அது வேறு என்று தெரிய வேண்டும். சீனர் கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புத் தாள் மூலையில் கட்டாகக் கிடந்தது. ஆனால் ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திர விழா வேலை. வாழ்த்து அட்டை, விருந்து நிகழ்ச்சிநிரல், கொடி அச்சிட்ட விசிறி. மாமனாரிடம் லேபிள் பேச்சை எடுக்கவே முடியவில்லை.

சுதந்திர நாளன்று எல்லோரும் ஊர்வலம் பார்க்கக் கிளம்பினார்கள். அன்று மாலை விருந்துக்கான அட்டைகள் பாக்கி இருந்தன.

"ஆளுங்க வந்து தொந்தரவு குடுப்பாங்க. நான் வெளிய பூட்டிட்டுப் போறேன் மாப்பிள. நீங்க முடிச்சிருங்க," என்றார் மருதமுத்து. பாக்கியலட்சுமி மசக்கைச் சோர்வோடு படியில் நின்று கணவனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். கதவுப் பலகைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பூட்டு மாட்டும் சத்தம் கேட்டது.

பலகை இடுக்கு வழியே வெளிச்சம் கோடுகோடாக விழுந்தது. பேண்டு வாத்தியம் போயிற்று. "மெர்டேக்கா!" என்று சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தேவதாஸ் அட்டைகளை முடித்தான். அதன் பிறகு, யாரையும் கேட்காமல், சிவப்புத் தாள் கட்டைப் பிரித்தான். மயில் இல்லை, வளைவு இல்லை. 'குடிக்காதே' என்று தமிழிலும் மலாயிலும் கறுப்பில் தடித்த எழுத்து, மற்றபடி வெறும் சிவப்பு. கடைப்பெயரை அடியில் சிறிதாக வைத்தான். ஈரம் காயக் கயிற்றில் போட்டபோது, பூட்டிய அந்த அறையில் அன்று முதல்முறையாக அவனுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

திரும்பி வந்த மருதமுத்து தாளைக் கண்ணருகே பிடித்து, "மயிலு எங்க?" என்றார். மறுநாள் சிஹாபுதீன் வந்து மொத்தத்தையும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனதால் சண்டை அதோடு நின்றது. எண்ணெய் மறுபடி கடைக்கு வந்தது. சாரதாம்பாள்கூட, "செவப்பு இல்லாதத இப்ப கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்" என்றாளாம்.

எண்ணெய் நன்றாகவே விற்றது, அதுதான் வினையாயிற்று. சிவப்பு ராசியான நிறம் என்று சீனர்களும் கேட்டு வாங்கினார்கள். பக்கத்துத் தெங்கேராவில் டானிக் விற்கும் பொன்னுதுரை அதைக் கவனித்துவிட்டு நேரே மருதமுத்துவிடம் வந்தார். அவர் டானிக்குக்கும் அதே சிவப்பு, அதே தடித்த எழுத்து, அதே அளவு வேண்டும். மாமனார் ஒத்துக்கொண்டார்.

"மாமா, செவப்புன்னா குடிக்கக் கூடாதுன்னு சனங்க இப்பத்தான் பழகுறாங்க. குடிக்கிற டானிக்குக்கும் அதையே போட்டா எப்படி?"

"அது வேற கடை மாப்பிள."

"கடை வேற. வாங்குற வீடு ஒண்ணுதானே மாமா."

மருதமுத்து சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "செவப்பு நீங்க கொண்டாந்ததுதானே? நல்லா ஓடுது. ஓடட்டும்."

மாடியில் பாக்கியலட்சுமியிடம் சொன்னான். "கோலாலம்பூர்ல அச்சாபீஸ்ல ஆள் கேக்குறாங்க. போயிரலாமா பாக்கியம்?"

அவள் வயிற்றின்மேல் கைவைத்தபடி மாடிப்படிப் பக்கம் பார்த்தாள். "அப்பா நேத்து படியில தடுமாறினாரு. நான்தான் புடிச்சேன். அவர விட்டுட்டு எப்படிங்க வருவேன்? நீங்க அடிக்கலன்னா அவரு வேற ஆள வச்சி அடிப்பாரு. அது மட்டும் நிக்காது."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவனைக் கட்டிப்போட்டது.

மறுநாள் பகலில் புதுச் சிவப்புத் தாள் கட்டுகள் வந்து இறங்கின. தேவதாஸ் 'டானிக்' என்று கோத்து, சட்டத்தில் முடுக்கி, இயந்திரத்தில் ஏற்றினான். மை தடவினான். மிதியில் கால் வைத்து அழுத்தினான். சக்கரம் வேகம் பிடித்தது. முதல் தாளை எடுத்த கை இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. காலையும் எடுத்துவிட்டான்.

"ஓடுதா மாப்பிள?" என்று மாடியிலிருந்து மாமனார் கேட்டார்.

மிதிப்பவர் இல்லாமலே, பிடித்த வேகத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. இயந்திரம் வாய் திறந்தது, மூடியது. உள்ளே தாள் இல்லை. மேலே கேட்பவருக்கு அது வேலை நடக்கும் சத்தமாகவே கேட்டது. கையில் சிவப்புத் தாளோடு, அந்த வாய் மெல்ல மெல்லத் திறந்து மூடுவதைப் பார்த்தபடி அவன் நின்றான்.