கையைத் தூக்கும் இடம்

எங்கள் மெட்டல் இசைக்குழுவில் பாடுகிறவன் நான். பாடுவது என்றால் தொண்டை கிழியக் கத்துவது. டிரம்ஸ்காரன் என்னோடு பட்டறையில் தகடு அழுத்தும் மிஷின் ஓட்டுகிறவன். கிடார் வாசிப்பது எலக்ட்ரீஷியன் அண்ணன்.

புதுப் பாட்டு, அந்த மிஷினில் மாட்டிச் செத்துப்போன என் அக்காவின் கணவரைப் பற்றியது. "நிறுத்து" என்று அவர் கத்தியது இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. பாட்டின் உச்சத்தில் அதைத்தான் கத்துகிறேன்.

ஒத்திகையில் நான் கத்தியதும் டிரம்ஸ்காரன் இரண்டு கையையும் தூக்கிவிடுவான். பட்டறையில் அந்தச் சொல் கேட்டால் கையை எடுத்தாக வேண்டும். அந்தப் பழக்கம் இங்கேயும் அவனை விடவில்லை.

"மறுபடியும் தூக்கிட்டான் பாரு! போலீஸ் பிடிச்ச மாதிரி!" அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்கு மேடைப்பா. அந்த வார்த்தைய மாத்திடு."

"மாத்த மாட்டேண்ணே."

"அப்ப என்னைய மாத்துங்கடா," என்றான் டிரம்ஸ்காரன்.

"யாரையும் மாத்த வேணாம். அந்த இடத்துல நீங்களும் கையை எடுத்துடுங்கண்ணே."

மறுநாள் மேடையில் இரைச்சல் காதை அடைத்தது. நான் கத்தினேன். எல்லாம் சட்டென்று நின்றது. அந்த ஒரு சொல் மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"என்னய்யா, கரண்ட் போச்சா?" என்று ஒருவன் சிரித்தான்.

முன்வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். "இன்னும் சத்தமாச் சொல்லுடா!"

சொன்னேன். அதற்குப் பிறகுதான் டிரம்ஸ்காரன் கையை இறக்கினான்.