அனுசியா, பூரட்டாதி

எழுந்தேன். மோட்டார் போட்டேன். பால் காய்ச்சினேன். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். கைடு அட்டையைக் கழுத்தில் மாட்டினேன். வீட்டைப் பூட்டிவிட்டு முத்தையாபுரம் நிறுத்தத்தில் போய் நின்றேன். வேன் வந்தது.

ஒருநாள் கோயில் சுற்றுலா. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, திருச்செந்தூர், கடைசியில் குலசேகரன்பட்டினம். வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு நான் பார்க்கும் வேலை இது. இன்றைய பயணிகளில் என் மாமியார் சந்தனமாரியும் இருந்தார். அனுசியாவின் அம்மா. அனுசியா என் மனைவி. போன வருடம் இறந்துவிட்டாள்.

முதல் வருஷத் திவசம் போன வாரம்தான் முடிந்தது. அதுவரை எங்கள் வீட்டார் கோயிலுக்குள் போகக் கூடாது. கைடு வேலையை விட முடியாது. அந்த ஒரு வருடமும் கோபுர வாசலில் நின்றே எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் பயணிகளை மட்டும் உள்ளே அனுப்பினேன். யாரும் காரணம் கேட்கவில்லை. கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஈரோட்டுக்காரர் ஒருவர், "கோயில் எவ்வளவு பழசுங்க?" என்றார்.

"ரொம்பப் பழசு" என்றேன்.

டிரைவர் ஹென்றி அண்ணன் டீ கிளாஸோடு சிரித்தார். "ஏலே தங்கதுரை, இதுக்கா எம்.ஏ. படிச்ச? இத நானே சொல்லுவேனே."

"நீங்க உள்ள வரலையாண்ணே?" என்று ஈரோட்டுக்காரர் அவரைக் கேட்டார்.

"நான் மாதா கோயிலுக்குப் போறவன் சார். ஆனா வருசம் பூரா ஒங்க ஆளுகள ஏத்தி எறக்குதேன். மேல எனக்கு ஒரு சீட்டு உண்டு. எந்தப் பக்கம்னுதான் தெரியல."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். ஒரு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

திருச்செந்தூரில் நல்ல கூட்டம். ஆண்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றோம். அத்தை அர்ச்சனைத் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என் பெயருக்குத்தான் அர்ச்சனை என்று வேனிலேயே சொல்லியிருந்தார். "ஒங்க நச்சத்திரம் உத்திரம்தான மாப்ள?" என்று வரிசையிலும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

தட்டை வாங்கிய அர்ச்சகர் போத்தி, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"அனுசியா, பூரட்டாதி" என்றார் அத்தை.

மகள் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் அவர் சொல்லி வந்தது அதைத்தான். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. என் கையைப் பிடித்தார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். போத்தி அதற்குள் ஆரம்பித்துவிட்டார். அவள் பெயரைச் சொன்னார். நட்சத்திரத்தைச் சொன்னார். அவளுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டார்.

"நிறுத்தச் சொல்லுங்க மாப்ள."

நான் சொல்லவில்லை. அவள் பெயரை வேறொருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டு நாளாகிவிட்டது. பின்னாலிருந்து தள்ளினார்கள். பன்னீர் இலையில் வைத்த விபூதி என் கைக்கு வந்தது. வெளியே வந்துவிட்டோம்.

அத்தை கடலைப் பார்த்த படியில் உட்கார்ந்தார். விபூதியை நீட்டினேன். வாங்கவில்லை.

"செத்துப்போனவளுக்கு ஆயுசு கேட்டுட்டேனே. அது அவளப் போவ விடுமா? இங்கனயே கெடந்து அலைவாளே."

"அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"ஒங்களுக்கு என்ன தெரியும்? படிச்சவுக எல்லாத்துக்கும் இல்லம்பிய." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்கதான அன்னைக்குப் பக்கத்துல இருந்திய. முருகான்னு சொல்லிட்டுத்தான் விழுந்தான்னு ஊருல பேசிக்கிடுதாவ. நானா ஒங்ககிட்ட கேட்டதில்ல. சொன்னாளா? அத மட்டும் சொல்லுங்க. அப்படிச் சொல்லிட்டுப் போயிருந்தா எந்த அர்ச்சனையும் அவள ஒண்ணும் செய்யாது."

ஆமாம் என்றால் போதும். அவர் எழுந்து வேனுக்கு வந்துவிடுவார். இன்றிரவு தூங்குவார். ஊரே சொல்வதைத்தான் நானும் சொல்வேன்.

அது வியாழக்கிழமை. அவள் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாதி பேச்சில் இருக்க, பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். ஆம்புலன்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் வாய் திறக்கவில்லை. மறுநாள் இதே அத்தை வந்து இறங்கியபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது.

"முருகான்னு சொல்லல அத்தை" என்றேன்.

அவர் முகம் அப்படியே நின்றது. "அப்ப என்னதான் சொன்னா?"

ஹென்றி அண்ணன் தூரத்திலிருந்து ஹாரன் அடித்தார். ஈரோட்டுக்காரர் கடலில் காலை நனைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

"நாளைக்கு அம்மா வாரா. வெள்ளிக்கெழம வேற. நீங்கபாட்டுக்கு மீன வாங்கிட்டு வந்து நிக்காதிய, பாவம், அவ ஒண்ணும் சொல்லமாட்டா, சும்மா ரசத்த ஊத்தி..."