பக்கம் 412

உலக இலக்கியத்தின் தலைவிதியை மாற்றவிருக்கும் மாபெரும் முடிவொன்று, திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ஒரு தையல் மிஷினுக்கும் ஈரத்துணிக் கொடிக்கும் நடுவில் எடுக்கப்பட்டது என்பதை வாசக உலகுக்குப் பணிவன்புடன் அறிவிக்கிறோம். வீட்டின் சின்னவள் முப்பத்தெட்டாவது பதிப்பகத்துக்கும் விண்ணப்பம் போடுவாள் என்பதே அந்த முடிவு.

முந்தைய முப்பத்தேழில் முப்பத்தொன்று வாயே திறக்கவில்லை. ஐந்து, அனுபவம் இருந்தால்தான் வேலை என்றன. ஒன்று மட்டும், "கவிதை எழுதுவீங்களா?" என்று கவலையோடு விசாரித்து, இல்லை என்றதும் பெருமூச்சு விட்டு, அதற்கப்புறமும் வேலை தரவில்லை. அவள் இலக்கியத்தில் முதுகலை, வகுப்பில் முதல். அந்தச் சான்றிதழால் இதுவரை கண்ட பலன், அதை மடித்து இடுக்கில் செருகியதில் அம்மாவின் அலமாரிக் கதவு ஆடாமல் நின்றதுதான்.

அக்காவின் கணவருக்கு டைல்ஸ் கடை. "ஒண்ணாந்தேதி வந்து பில் கவுண்டர்ல உக்காரு. அதுவும் எழுத்து வேலைதானே?" என்றார். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அப்பாவும் தலையாட்டிவிட்டார். மாசக் கடைசிவரை கெடு.

முப்பத்தெட்டாவது பதிப்பகம் ஒரு பல் டாக்டரின் மாடியில் இருந்தது. கீழே யாரோ அலறிக்கொண்டிருக்க, மேலே பதிப்பாளர் ஒரு நாற்காலியிலிருந்து புத்தகக் கட்டுகளை இறக்கி அவளை உட்காரச் சொன்னார்.

"ஒரு முன்னாள் பல்கலைக்கழகப் பதிவாளர் சுயசரிதை எழுதியிருக்கார். தொள்ளாயிரம் பக்கம். கடைசியில பெயரடைவு வேணும். யார் யார் எந்தெந்தப் பக்கத்துல வர்றாங்கன்னு ஒரு பட்டியல். ஒரு வாரத்துல முடிச்சுக் குடு. சரியா இருந்தா ஒண்ணாந்தேதிலேர்ந்து வேலை."

"நீங்க படிச்சிட்டீங்களா சார்?"

"நானா? அச்சடிக்கிறவன் நான். என்னை ஏம்மா சோதிக்கிற?"

நூலின் பெயர் 'சிகரங்கள் என்னை வணங்கின'. தனியாக உட்கார்ந்தால் ஒரு மாதம் பிடிக்கும் என்பது முதல் நாளே தெரிந்துபோயிற்று. அம்மா தையல் மிஷினை மூடினாள். சட்டைக் காலருக்கு அளவெடுக்க வைத்திருந்த அட்டைகளையெல்லாம் சீட்டுகளாக வெட்டிப் போட்டாள். அப்பா வேலை முடிந்து வந்ததும் கிரீஸ் போக மூன்று முறை கை கழுவிவிட்டு, பக்கங்களைச் சத்தமாகப் படித்தார். சின்னவள் சீட்டில் எழுதினாள். அக்கா அகர வரிசையில் அடுக்கினாள். டைல்ஸ் கடைக்காரர்கூட ஞாயிற்றுக்கிழமை வந்து, "நான் கடை திறக்கையில கூட இவ்வளவு பேர் வேலை செய்யல" என்று முனகிக்கொண்டே சீட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டார்.

அமைச்சர்கள், துணைவேந்தர்கள், தூதர்கள் எல்லோரும் முழுப்பெயரோடு வந்தார்கள். இருநூறாம் பக்கத்தில் அப்பா நிறுத்தினார்.

"இந்த டிரைவர் ரெண்டு தடவை இவர் உயிரைக் காப்பாத்தியிருக்கான். பேரே போடல பாரு. நம்ம பட்டியல்ல டிரைவர்னாவது போடு."

"பெயரடைவுன்னா பேர் இருக்கறவங்கதாம்பா..."

"வண்டி ஓட்டினவனுக்குப் பேர் இல்லாமலா இருக்கும்?"

போட்டாள். அப்புறம் அந்த வண்டியையும் போடச் சொன்னார். கார், நாற்பத்தாறு இடங்கள்.

"காரே வந்தாச்சு. கட்டினவ எங்க?" என்றாள் அம்மா.

ஐந்து பேரும் தேடினார்கள். ஒரே இடத்தில் கிடைத்தாள். அன்று அவருக்குக் காய்ச்சல். அவள் வெந்நீர் கொண்டுவந்தாள். சின்னவள் சீட்டில் எழுதினாள்: மனைவி, 412.

பட்டியலைப் பதிப்பாளர் எடைபோட்டுப் பார்த்துத் திருப்தியடைந்து, நூலாசிரியரின் பார்வைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் பதிப்பாளரிடமிருந்து ஃபோன் வந்தது. "புத்தகம் எழுதின பெரியவர் கிளம்பி வர்றார். பொண்டாட்டியையும் கூட்டிட்டு வர்றார். காரையும் மனைவியையும் யாரு போடச் சொன்னா உன்னை? நீயே வந்து பதில் சொல்லு."

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. படியேறும்போது, கீழே பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்திருந்தவர் மேல் அவளுக்குப் பொறாமை வந்தது.

பெரியவர் நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். பேசியது மனைவிதான்.

"நீதானாம்மா இதைச் செஞ்சது?"

"மன்னிச்சிடுங்கம்மா. வீட்ல எல்லாரும் சேர்ந்து..."

"எதுக்கு மன்னிப்பு? தொள்ளாயிரம் பக்கம் படிக்க யாருக்குப் பொறுமை? கடைசியிலேர்ந்து பிரிச்சேன். நாப்பத்திரண்டு வருஷமா இந்த மனுஷன் வாழ்க்கையில நான் எங்க இருக்கேன்னு தேடறேன், நீ பக்க எண்ணோட சொல்லிட்டே." சிரித்துச் சிரித்து அந்த அம்மாளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. "காருக்கு நாப்பத்தாறு! அதுலயும் பாதி நாள் அது வொர்க்‌ஷாப்ல நின்னுது."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். மேடைகளில் மூன்று மணி நேரம் பேசக்கூடியவர், "எனக்கே தெரியாமப் போச்சும்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு, இரண்டாம் பாகம் எழுதிக் குறையை நிவர்த்தி செய்யப்போவதாக அறிவித்தார்.

"அதுக்கும் இந்தப் பொண்ணுதான் பட்டியல் போடணும். இல்லேன்னா நான் படிக்க மாட்டேன்" என்றாள் மனைவி.

பதிப்பாளர் கணக்காகச் சிரித்தார். "ஒண்ணாந்தேதி ஒன்பது மணிக்கு வந்துடும்மா."

வீட்டுக்குப் போனதும் சின்னவள் வீட்டிலிருந்த மூவருக்கும் நன்றி சொல்லத்தான் நினைத்தாள். கல்லூரி ஆண்டு விழாவில் நன்றியுரை ஆற்றி வெள்ளிக் கோப்பை வாங்கியவள், இப்போது மிச்சமிருந்த அட்டைச் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கி, அம்மாவின் மிஷின் மேல் வைத்தாள். "காலருக்கு ஆகாது இனிமே. நீயே வெச்சுக்கோ, வேலைக்கு வேணும்ல" என்றாள் அம்மா. அப்பா டைல்ஸ் கடைக்கு ஃபோன் போட்டு, பில் கவுண்டருக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னார். குரலில் அமைச்சர்களுக்கே உரிய தோரணை இருந்தது.

இரண்டாம் பாகம் ஆயிரத்து நூறு பக்கம் வந்தது. மனைவி மூன்று பக்கங்களில் வருகிறார்.