விரிசல் இருந்த பக்கம்

அமைச்சர் வருகிறார் என்றதும், மூன்று வருடமாக ஒழுகிக்கொண்டிருந்த ஆண்கள் கழிப்பறைக் குழாய் ஒரே மணி நேரத்தில் சரியானது. ஸ்லேட்டர் தொழிற்சாலையின் தரைக்குப் புது வண்ணம் பூசினார்கள். தொழிலாளிகள் அறுபது பேருக்கும் மடிப்புக் கலையாத நீல மேலங்கி வந்தது. இங்கிலாந்தின் பர்ன்லி ஊர் மழையை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நெவில் என்ட்விசில் இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள். முப்பத்து நான்கு வருடமாக அங்கே தரம் பார்க்கிறவர். ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் அவருக்குச் சிரிப்பே வரவில்லை. திங்கட்கிழமை தண்டு விரிசல் விட்டிருந்தது.

தண்டு என்றால், விமானம் தரை இறங்கும்போது சக்கரத்தைத் தாங்குகிற கால். ஊர் உலகமெல்லாம் அதை எஃகில் செய்கிறது. ஸ்லேட்டர் ஆட்கள் கார்பன் இழையைப் பின்னி, பிசினில் இறுக்கி, பாதி கனத்தில் செய்து காட்டுகிறோம் பார் என்று கிளம்பியவர்கள். எந்த வங்கியும் இந்த விஷப்பரீட்சைக்குக் கடன் தராது. அரசாங்கம்தான் கை கொடுத்தது. அந்த உதவியின் முதல் கட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த கட்டம் வந்தால் அறுபது பேருக்கும் வேலை. வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

திங்கட்கிழமை சோதனை மேடையில் தண்டை மாட்டி இழுத்தவள் லொரைன் ஹாவர்த். எட்ட வேண்டிய சுமையில் பத்தில் ஒன்பது பங்கு ஏறியபோது 'டக்' என்று ஒரு சத்தம். அடிப்பக்கத் துளையின் விளிம்பில் விரல்நீள விரிசல். நெவில் அப்போதே சிவப்பு அட்டையை எழுதி, தன் எண் பொறித்த முத்திரையைக் குத்தி, கம்பியால் தண்டில் கட்டினார். விமானத் தொழிலில் சிவப்பு அட்டை கட்டிய பொருளைத் தொடக் கூடாது. ஆராய்ந்து முடித்ததும் அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடுவார்கள், தப்பித் தவறிக்கூட எந்த விமானத்திலும் ஏறிவிடக் கூடாது என்று. கட்டியவரைத் தவிர வேறு யாரும் அட்டையை அவிழ்க்கவும் கூடாது. முதலாளியே ஆனாலும் கூடாது.

அதனால்தான் வியாழக்கிழமை காலை முதலாளி ஸ்டூவர்ட் ஸ்லேட்டர், நெவிலின் மேஜைக்குத் தானே தேநீர் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நெவில், அந்த அட்டை..."

"அட்டைக்கு என்ன?"

"நாலு மணி நேரம். அதுக்கப்புறம் நீங்களே திரும்பக் கட்டிடுங்க. எங்கயும் கையெழுத்துப் போடச் சொல்லல, பொய்க் கணக்கு எழுதச் சொல்லல. விரிசல் இருக்கிற பக்கத்தைச் சுவர்ப் பக்கமா திருப்பி வச்சிடலாம். அமைச்சரம்மா போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

"அந்தம்மாகிட்ட உடைஞ்சு போச்சுன்னு சொன்னா என்ன?"

"சொல்லலாமே! அடுத்த கட்டம் யாருக்குன்னு பதினஞ்சு நாள்ல முடிவு பண்ணப் போறாங்க. உடைஞ்ச காலைக் காட்டி 'இன்னும் கொடுங்க'ன்னு கேக்கச் சொல்றீங்களா?" ஸ்லேட்டர் தேநீரை நெவில் பக்கம் நகர்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. சோதனை நாளன்று தொழிலாளிகளோடு வரிசையில் நின்று இறைச்சி அப்பம் வாங்கித் தின்கிறவர். "வெளிய பாருங்க. பாதிப் பேர் வீட்டுக் கடன் கட்டுறவங்க."

நெவில் இடுக்கியை எடுத்துக்கொண்டு போனார். கம்பியை வெட்ட ஒரு நொடிகூட ஆகவில்லை. அட்டையை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது லொரைன் எதிரே நின்றிருந்தாள்.

"என்னப்பா, குணமாயிடுச்சா அது?" என்றாள்.

"நாலு மணி நேரம்தான்."

"எனக்கு அந்த 'டக்' இன்னும் காதுலயே இருக்கு நெவில்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அவளே ஒரு முனையைப் பிடித்துத் தண்டைத் திருப்பி வைக்க உதவினாள்.

அமைச்சர் பதினொரு மணிக்கு வந்தார். தலைக்கவசம் அவருக்குப் பெரிதாக இருந்தது. அவரோடு எம்ரிஸ் ப்ரோபர்ட்டும் வந்தார். வேல்ஸ்காரர், எழுபது வயது, அரசாங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிற மேற்பார்வையாளர். உதவி வாங்குகிற கம்பெனிகள் சொன்னதைச் செய்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. மற்ற இடங்களில் ஆளை உரித்து எடுத்துவிடுவார் என்று பெயர். இங்கே வந்தால் நெவிலின் எதிரில் உட்கார்ந்து, சோதனைக் கோப்புகளைத் திறக்காமலே பக்கத்தில் வைத்துவிட்டு, "சரி, நீ சொல்லு" என்பார். பழைய திட்டங்களிலிருந்தே இருபது வருடப் பழக்கம் அப்படி.

அமைச்சர் தண்டைத் தொட்டுப் பார்த்தார். "இவ்வளவு லேசா! இது எல்லாச் சோதனையும் தாங்கிடுச்சா?"

ஸ்லேட்டர் அவசரமாக நெவிலின் தோளில் கையைப் போட்டார். "இவர்தான் மேடம் பார்த்தவர். முப்பத்து நாலு வருஷ அனுபவம்."

எல்லோரும் திரும்பினார்கள். கேமராவும் திரும்பியது. இதைத்தான் நெவில் எதிர்பார்க்கவில்லை. சும்மா நிற்பதற்குத்தான் மனதைத் தயார் செய்து வைத்திருந்தார். வாய் திறப்பதற்கு இல்லை.

"நல்லா தாங்குச்சு மேடம்."

"நெவில் சொல்லிட்டா அப்புறம் பேச்சே இல்லை மேடம்," என்றார் எம்ரிஸ் பெருமையாக.

நெவிலின் காது மடல் சுட்டது. அறுபதை எட்டப் போகிற மனிதர், பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்துப் பிடிபட்டவன் மாதிரி கூசி நின்றார். பிடிபடவில்லை என்பதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

அமைச்சர் இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். எம்ரிஸ் வழக்கம்போலத் தேநீருக்கு உட்கார்ந்தார். உலர்திராட்சை அடைத்த எக்கிள்ஸ் கேக்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "உண்மையைச் சொல்லவா? எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்" என்றார்.

"என்ன?"

"இந்தச் சுற்றுல பதினோரு கம்பெனி. பதினோரு பேரும் 'தாங்கிடுச்சு'ங்கறான். எல்லாம் தாங்கும்னா அரசாங்கப் பணம் எதுக்குய்யா? வங்கிக்காரன் கொடுக்க மாட்டானா? உடைச்சுப் பாருங்கன்னுதானே இந்தப் பணமே கொடுக்கறாங்க. ஒருத்தனாவது நல்லா உடைச்சு, ஏன் உடைஞ்சதுன்னு சொல்லுவான்னு பார்த்தேன். பரவாயில்ல, உன்னோடது தாங்கினதுல சந்தோஷம்தான்." கேக்கின் மிச்சத்தையும் விழுங்கினார். "க்ளூஸ்டர்ல விமானம் கட்டற ஆளுங்க உங்க பின்னல்லயே கால் செஞ்சு வச்சிருக்காங்க. திங்கக்கிழமை முழு விமானத்தையே அந்தக் கால்ல நிறுத்தறாங்க. தயங்கிட்டு இருந்தாங்க. நெவில் பார்த்ததுன்னு இன்னிக்குப் போன் பண்ணிடறேன்."

 முழு விமானத்தையும் நிறுத்தினால் கீழே ஆட்கள் குனிந்து அளவெடுப்பார்கள்; கால் முறிந்தால் அவர்கள் மேல்தான் விழும். நெவில் சொல்ல வாயெடுத்தார்.

"இன்னொரு டீ?" என்றுதான் வந்தது.

"வேணாம்பா, ரோடு மழையில மோசம்." எம்ரிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நெவில் காலிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் ஓடினார். குடை இல்லை, கோட்டு இல்லை. வாசல் தடுப்பு தூக்குவதற்காக நின்ற காரின் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினார்.

எம்ரிஸ் கண்ணாடியை இறக்கினார். "என்னய்யா, எதையாவது மறந்துட்டேனா?"

"உடைஞ்சு போச்சு எம்ரிஸ். திங்கட்கிழமையே உடைஞ்சு போச்சு. அட்டையை நான்தான் அவுத்தேன்."

 எம்ரிஸ் காரை ஓரம் கட்டினார். உள்ளே வந்து, கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்து, சுவருக்கும் தண்டுக்கும் இடையே தலையை விட்டுப் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது முகமெல்லாம் மலர்ச்சி.

"அடடா! துளை ஓரத்துல இழை விலகி வந்திருக்கு பாரு. இது பிசின் கோளாறு இல்ல, பின்னின திசையோட கோளாறு. பதினோரு பேருக்கும் இது தெரியணும். இதுதான்யா நான் ரெண்டு வருஷமா தேடினது!" அங்கிருந்தே க்ளூஸ்டருக்குப் போன் செய்து வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு, சத்தம் கேட்டு வந்து நின்ற ஸ்லேட்டரைப் பார்த்தார். "ஒப்பந்தத்தோட மூணாம் பக்கம் படிச்சீங்களா?"

ஸ்லேட்டர் விழித்தார். அவர் படித்தது தொகை போட்டிருந்த பக்கம் மட்டும்.

"தோல்வி வந்தா மறைக்காம சொல்லணும், அதையும் பலனா எடுத்துப்போம்னு போட்டிருக்கு. உடைஞ்சா யாரும் உதவியை நிறுத்த மாட்டாங்க."

மழையில் நனைந்த மேலங்கி நெவிலின் உடம்போடு ஒட்டியிருந்தது. அறுபது பேரின் வேலைக்காகத்தான் பொய் சொன்னோம் என்று ஒரு ஆறுதல் வைத்திருந்தார். இப்போது அதுவும் போயிற்று. யாருக்குமே தேவையில்லாத பொய்யைச் சொல்லியிருக்கிறார்.

எம்ரிஸ் கோள் சொல்லவில்லை. அமைச்சருக்கு, வருகைக்குப் பிறகு நடந்த ஆய்வில் விரிசல் தெரிய வந்தது என்று அவரே எழுதினார். பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது: அடுத்த கட்ட உதவி ஸ்லேட்டருக்கு. காரணம் அந்த விரிசல்தான். மதியம் எல்லோருக்கும் சூடாக இறைச்சி அப்பம் வந்தது. ஸ்லேட்டர் நாற்காலி மேல் ஏறி, "நம்ம நெவிலுக்கு ஒரு கைத்தட்டு!" என்று கத்தினார். அறுபது பேரும் தட்டினார்கள். நெவில் அப்பத்தைத் தொடவில்லை. அந்தக் கைத்தட்டல் ஒவ்வொன்றும் முதுகில் விழுந்தது போலிருந்தது.

லொரைன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ ஓடிப்போய்ச் சொல்லிட்ட."

"ரொம்ப லேட்டா."

"நான் லேட்டாக்கூடச் சொல்லலயே," என்றாள். 

மூன்று மாதம் கழித்து எம்ரிஸ் வந்தார். புதுப் பின்னலில் செய்த தண்டு மேடையில் தயாராக இருந்தது. சுமை முழுவதையும் தாங்கியிருந்தது, ஒரு கீறல் இல்லை. வழக்கம்போல் நெவில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, தேநீரும் கேக்கும் வைத்திருந்தார்.

"வா எம்ரிஸ், உக்காரு. சொல்றேன்."

"இதோ வர்றேன்." எம்ரிஸ் உட்காரவில்லை. கோப்புகளைத் திறந்தார். சோதனைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, தேதியை, கையெழுத்தை, முத்திரையை விரல் வைத்துப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் இங்கே கோப்புகளைத் திறந்து நெவில் பார்த்ததில்லை. பார்த்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். புதிது, விலைச்சீட்டின் நூல் இன்னும் அதில் தொங்கியது.

"கொஞ்சம் திருப்பிக் காட்டறியா?" என்றார். நெவிலின் முகத்தைப் பார்க்காமல், "தப்பா எடுத்துக்காதப்பா, என் வேலை இது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்க என்ன இருக்கு," என்றார் நெவில்.

தண்டைத் திருப்பிக் காட்டினார். எம்ரிஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். நெவில் தண்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். மேஜையில் தேநீர் ஆறிப் போயிருந்தது.